ஆடினால் மானம் போகுமா?
(வேப்பனப்பள்ளியில் நாம் பேசியது)

கைப்பேசிப் பாட்டுக்குப் பெண்கள் ஆடினால் குடும்ப மானம் போய்விடுமாம். சாமி வந்து ஆடினால் அதே பெண்ணின் காலில் விழுகிறார்கள். சுகத்துக்காக ஆடினால் மட்டும் மானம் எப்படிப் போகுமென்று நாம் கேட்கிறோம்.

2021-ல் திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும் அரை நிமிஷம் ஆடிய ஆட்டம் நாடெங்கும் பரவிற்று. சிலர் ஆட்டத்தை விட்டு மதத்தைப் பார்த்தார்கள். சக மாணவர்களோ ஆடியே பதில் சொன்னார்கள்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்க உடம்பு அசையவேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை நிமிஷ ஆட்டம் போதாதுதான். ஆனால், அதைப் பழக அரைமணி வேர்க்கிறதே, அதுவே இருதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது. மும்மொழி புழங்கும் இவ்வூரில் ஆட்டத்துக்கு மொழியும் வேண்டாம், ஜாதியும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

ஆகவே தோழர்களே, பெண்களைத் தடுக்காதீர்கள்; நீங்களும் சேர்ந்து ஆடுங்கள்.