மெய் உரைத்த மெய்



'மெய்' எனில் உடல். 'மெய்' எனில் உண்மை. இரண்டும் ஒன்றே என முத்துக்கரையாம் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காட்டிற்று.

2020 சூன் 19-இல் காவலர் தளைப்படுத்திய தந்தையும் மகனும், 22, 23-ஆம் நாள்களில் கோவில்பட்டியில் அடுத்தடுத்து உயிர்நீத்தனர். தரையில் தாமே உருண்டு புண்பட்டனர் என்றது காவலர் ஏடு. சிறைபுகத் தக்க உடல்நலம் உண்டு என்றது மருத்துவச் சான்று. நெல்லையில் மூன்று மருத்துவர் செய்த பிணக்கூறாய்வோ, உயிரோடிருக்கையில் பட்ட புண்களைக் காட்டிற்று. அதனை நோக்கிய உயர்முறைமன்ற மதுரைக்கிளை, கொலைவழக்குப் பதிய முதல்நோக்கிலேயே சான்றுளது என சூன் 30-இல் உரைத்தது.

பிணக்கூறாய்வு வழக்கைக் காத்தது, உயிரைக் காக்கவில்லை. உயிரைக் காக்க வேண்டியது, சிறைபுகுமுன் உடலை முழுதும் நோக்கி மருத்துவர் எழுதும் சான்றே. அச்சான்று மெய்யாதல் வேண்டும்!