பழைய கைபேசி ஒன்றின் மதிப்பு



ஒரு பொருளை மதிப்பிடுவது எளிய செயல் அன்று. கடைக்காரர் அதன் விலையைக் கூறுவார். விளம்பரம் அதன் அழகைக் கூறும். அது நமக்கு எந்நாளில், எவ்வாறு கைகொடுக்கும் என்பதை, அதனைப் பயன்படுத்துவோர் மட்டுமே கூற இயலும். அவ்வாறு நான் மதிப்பிட நேர்ந்த ஒரு பொருளைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். அது நோக்கியா 1100 என்னும் பழைய கைபேசி.

பின்லாந்து நாட்டு நிறுவனமான நோக்கியா இதனை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. தில்லியில் எங்களுடன் வாழ்ந்து வரும் என் தந்தையாரிடம் அவற்றுள் ஒன்று இருக்கிறது. அவருக்கு வயது 78. சென்ற ஆண்டில் அவருக்குத் தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கித் தந்தோம். “இனி அந்தப் பழையதை எறிந்துவிடலாம், அப்பா” என்றேன். “முதலில் அதை மதிப்பிட்டுப் பார், பிறகு எறி” என்றார் அவர். நியாயமான சொல்லாகவே பட்டது. ஆகவே மதிப்பிடத் தொடங்கினேன்.

முதலாவது, அதன் கட்டமைப்பு. விசைகள் தனித்தனியே துளைகளில் பொருந்தியிருப்பன அல்ல. ஒரே ரப்பர்த் தகடாக முகப்பை மூடியிருப்பதால் தூசி எளிதில் உட்புகுவதில்லை. ஈரக் கையினின்றும் நழுவாதவாறு பக்கங்கள் சொரசொரப்பாக அமைந்துள்ளன. இரண்டாவது, தலைப்பக்கத்தில் உள்ள சிறு விளக்கு. மின்தடையோடு வாழப் பழகிய நம் நாட்டினர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, மின்கலம். ஒருமுறை மின்னேற்றினால், பேசாதிருக்கும் நிலையில் 400 மணி நேரம் வரை நிற்கும் என்று தயாரிப்பாளர் கூறினர். எங்கள் கருவி, அன்றாடம் பேசியும், 5 நாட்கள் நிற்கிறது. நான்காவது, ஓர் எண் விசையை அழுத்திப் பிடித்தாலே முன்னரே குறித்து வைத்தவரை அழைத்துவிடும் வசதி. தந்தையாரின் கருவியில் 2-ஆம் விசைக்கு உரியவன் நான்.

குறைகளையும் கூறாவிடில் மதிப்பீடு முழுமை பெறாது. இதில் புகைப்படம் எடுக்க இயலாது, இணையம் இல்லை, ஒரு சிம் அட்டைக்கே இடமுண்டு. தூசியைத் தடுக்கும் இக்கருவி, நீரில் மூழ்கினால் தாங்காது. வங்கிச் செயலிகளும் காணொளி அழைப்பும் இதற்கு எட்டாதவை. எனினும், எளிய கைபேசி உடையோரும் அழைப்பின் வாயிலாகப் பணம் அனுப்புதற்குரிய யுபிஐ 123பே என்னும் முறையை ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். இவ்வகை மின்கலங்களுள், 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை வேறொரு நிறுவனம் செய்தளித்த 4 கோடியே 60 லட்சம் கலங்கள் மின்னேற்றும்போது சூடேறக்கூடும் என்று 2007-இல் நோக்கியாவே அறிவித்து, மாற்றித் தர முன்வந்தது. பழைய கருவி வைத்திருப்போர், உப்பிய மின்கலத்தை ஒருநாளும் பயன்படுத்தலாகாது.

இவ்வாறு கூட்டிக் கழித்துப் பார்த்து, புதியதே மேல் என்று நான் முடிவு கட்டியிருந்த சமயத்தில், டிசம்பர் மாதத்து விடியற்காலை ஒன்றில், பனிமூட்டத்தினிடையே என் தந்தையார் பால் வாங்கப் புறப்பட்டார். மாடிப்படியில் மின்விளக்கு எரியவில்லை. கால் தவறி நான்கு படிகள் உருண்டார். தொடுதிரைக் கைபேசி வீட்டில் மின்னேறிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்த பழையதோ கீழே விழுந்து, மேல்மூடி வேறு, மின்கலம் வேறு, கருவி வேறு என மூன்றாகப் பிரிந்தது. இருளில் தடவித் தடவி அவர் மூன்றையும் பொருத்தினார். 2-ஆம் விசையை அழுத்திப் பிடித்தார். நான் கதவைத் திறந்து ஓடியபோது, கீழ்ப்படியிலிருந்து ஒரு சிறு வெளிச்சம் மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காலம் தாழ்த்தாமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் மருத்துவர்.

இதனால் பழையன யாவும் சிறந்தன என்று நான் கூற வரவில்லை. இக்கருவி இரண்டாம் தலைமுறை அலைவரிசைச் சேவையை நம்பி வாழ்வது. அச்சேவையை எல்லா நிறுவனங்களும் அளிப்பதில்லை. அளிப்போரும் நிறுத்தும் நாளில் இது வெறும் கைவிளக்காகிவிடும். ஆயினும் நான் எழுதிய பட்டியலில் ஒரு பிழை இருந்தது. கருவி என்னென்ன செய்யும் என்று எண்ணினேனேயன்றி, அதனை ஏந்தும் கை எத்தகையது, அக்கைக்கு எது பழக்கம் என்று எண்ணவில்லை. இருளில், வலியின் நடுவே, பார்க்காமலே பொருத்தி இயக்கத்தக்க ஒன்று முதியவர்க்கு வேண்டும். அந்தப் பண்பை எந்த விளம்பரமும் எனக்குக் கூறியதில்லை.

உங்கள் இல்லத்தில் முதியோர் ஒருவர் பழைய கைபேசியை விடாது பற்றியிருப்பாராயின், அதைப் பிடிவாதம் என்று எண்ணி விரைந்து பறித்துவிடாதீர்கள். அதன் மின்கலத்தைச் சோதியுங்கள். 112 என்னும் அவசர உதவி எண்ணையும் உங்கள் எண்ணையும் அதில் பதிந்து கொடுங்கள். புதியதையும் பொறுமையோடு கற்பியுங்கள். என் தந்தையார் இப்பொழுது ஊன்றுகோலின் துணையுடன் நடக்கிறார். இரு கைபேசிகளும் அவர் சட்டைப்பையில் இருக்கின்றன.