தண்ணீர் காட்டும் ஆழம்



ஒளியின் பிரதிபலிப்பையும் விலகலையும் பள்ளியில் படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்துவிட்டோம். ஆனால் அந்தப் பாடம் நம் குடியிருப்பு நீச்சல் குளத்தில் இன்றும் நடக்கிறது.

வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, தண்ணீரில் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர்தான் செல்லும். வேகம் மாறும் அந்த எல்லையில், சாய்வாக வரும் கதிர் திசை மாறுகிறது. நம் கண்ணோ, ஒளி நேராகவே வந்ததாக நம்பிவிடுகிறது. அதனால் நேர் மேலிருந்து பார்த்தாலும் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும்.

ஒரு கணக்குப் பாருங்கள். குளத்தின் ஆழம் 1.2 மீட்டர். கண்ணுக்குத் தெரிவது 90 சென்டிமீட்டர். 1.1 மீட்டர் உயரமுள்ள பிள்ளை, 'தோள் வரைக்கும்தானே!' என்று குதிக்கும். தண்ணீர் தலைக்கு மேல் நிற்கும். கரையில் நிற்கும் பிள்ளை சற்றுத் தள்ளிச் சாய்வாகப் பார்த்தால், ஆழம் இன்னும் குறைந்து தெரியும்.

பெற்றோர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்பீர்கள். நேராகக் குனிந்து பார்த்தால், விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடுதான் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும். தூரத்து நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவருக்கோ வானமும் கட்டடமும் மினுங்கும். அடியில் இருப்பது தெரியாது. உயிர்காப்பாளர்கள் போலரைஸ்டு கண்ணாடி அணிவது அழகுக்காகவா? அந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான்!

ஆகவே நாற்காலியை விட்டு எழுந்து குளத்தின் ஓரத்துக்கு வாருங்கள். பிள்ளையை இறக்குமுன், அங்கே எழுதியிருக்கும் ஆழ அளவைப் படித்துப் பாருங்கள்.