ஆராய்ச்சிச் செய்மதியும் கடற்புயல் எச்சரிக்கையும்

கடற்காற்றைக் கண்ணாற் காண முடியாது. அது நீர்மேல் எழுப்பும் சிற்றலைகளை அளக்கலாம். 1999 யூன் மாதம் நாசா நிறுவனம் ஏவிய குவிக்ஸ்கற் என்னும் செய்மதி, நுண்ணலைகளைக் கடல்மேற் செலுத்தி, தெறித்து மீள்வனவற்றின் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணித்தது. அது ஆராய்ச்சிக்கென அமைந்தது. ஆராய்ச்சியாளர் மாதக்கணக்கிற் காத்திருக்கலாம். நேற்றைய காற்றால் முன்னறிவிப்பாளருக்கு என்ன பயன்? ஆகவே அளவீடுகள் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துள் அவர் மேசைக்கு வந்துசேர ஒழுங்கு செய்யப்பட்டது. செய்மதியை ஏவுவதினும் இது சிறிய வேலையென்று எண்ணுதல் தகாது.

மாரிகாலத்தில் வட அத்திலாந்திக்கிலும் வட பசுபிக்கிலும் மணிக்கு 64 கடல்மைல் வேகத்தை எட்டும் புயல்கள், முன்னர் எண்ணியதிலும் பல என்பது அப்போதுதான் புலப்பட்டது. கப்பல்கள் அவற்றை விலகியே செல்லுமாதலின், அதுவரை சான்று கூறுவார் அரியர். 2000 திசெம்பரில் அமெரிக்கக் கடல் முன்னறிவிப்பு நிலையம் அவற்றுக்கெனத் தனி எச்சரிக்கையை வெளியிடத் தொடங்கியது.

2009 நவம்பரில் செய்மதியின் சுழலும் அன்ரெனா நின்றுவிட்டது. ஐரோப்பியரின் மெற்றொப் செய்மதி கைகொடுத்தது. ஆயினும் 1800 கிலோமீற்றர் அகலத்தை ஒரே வீச்சில் அளந்த இடத்தில், 550 கிலோமீற்றர் அகலமான இரு பட்டிகளும் அவற்றினிடையே ஒரு வெற்றிடமுமே முன்னறிவிப்பாளருக்கு எஞ்சின.