பழைய இயந்திரமும் புதிய போர்வையும்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என எங்கு சென்றாலும், பல வீடுகளில் ஒரு தையல் இயந்திரத்தைக் காணலாம். சில, தாய் வழியாக மகளுக்கு வந்தவை. சில, தவணைப் பணம் கட்டி வாங்கியவை. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும், 2009 ஆம் ஆண்டு போர் ஓய்ந்த பின்னரும், வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டவையும் உண்டு. ஆனால் இவற்றுட் பல இன்று உறங்குகின்றன. ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்டன. ஒரே தெருவில் நாலைந்து பேர் ஒரே மாதிரிச் சட்டையைத் தைத்தால் எல்லோருக்கும் வேலை கிடைப்பது எங்ஙனம்? ஈற்றில், மடித்த துணிகளை அடுக்கிவைக்கும் மேசையாகிறது இயந்திரம். அடுத்து, பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் ஏறுகிறது.

அவ்வாறு ஏறுமுன், அந்த இயந்திரத்தால் ஆகக்கூடிய இன்னொரு தொழிலை எடுத்துக்கூற விழைகிறேன். அதுவே மெத்தைப்போர்வையைக் கையோட்டமாகத் தைத்தல்.

மெத்தைப்போர்வை என்பது மூன்று அடுக்கு உடையது. மேலே வெட்டுத் துண்டுகளை இணைத்த துணி. கீழே ஒரு முழுத்துணி. இடையிலே மெல்லிய பஞ்சு விரிப்பு. நமது வெப்பமான கரைக்குப் பஞ்சும் வேண்டியதில்லை. நைந்த பருத்திச் சேலையொன்றை இடையில் வைத்தாலே மாரிகால இரவுக்குப் போதும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா என்னும் போர்வையும் இம்முறையினதே. மூன்று அடுக்கையும் பரப்பெங்கும் தையலாற் பிணைக்காவிட்டால், துவைக்குந்தோறும் உள்ளடுக்கு ஒதுங்கி முடிச்சாகிவிடும். ஆகவே இத்தையல் அழகுக்கு மாத்திரமன்று, போர்வையின் ஆயுளுக்கும் உரியது.

இதற்குப் புதிய, விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். காலால் மிதிக்கும் பழைய இயந்திரமே போதும். கையாற் சுற்றும் இயந்திரம் மட்டும் இதற்குப் பொருந்தாது. ஏனெனில் இவ்வேலைக்கு இரு கைகளும் துணியின்மீது இருத்தல் வேண்டும். கைச்சுற்று இயந்திரத்தின் தலை பொருந்துமாயின், அதனை மிதிபலகையுள்ள மேசையிற் பூட்டிக்கொள்ளலாம்.

இனி, இயந்திரத்தை ஆயத்தஞ் செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது துப்புரவு. உப்புக்காற்று இரும்பின் பகை. ஊசித்தட்டைக் கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் நூற்பஞ்சைத் தூரிகையால் நீக்குங்கள். எண்ணெய் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் ஓரிரு துளி விட்டு, சக்கரத்தைச் சுற்றி, நன்றாகத் துடைத்தபின் தையல் இயந்திர எண்ணெய் இடுங்கள். தேங்காயெண்ணெய் இடுதல் ஆகாது. அது நாளடைவிற் பிசினாகி இயந்திரத்தைப் பூட்டிவிடும். தோல்வார் தளர்ந்திருந்தாற் சிறிது வெட்டி இணைத்துக்கொள்க.

இரண்டாவது, பற்களை அடக்குதல். சாதாரணத் தையலில், ஊசித்தட்டின் கீழுள்ள பற்கள் எழுந்து, துணியைப் பின்னே தள்ளி, தாழ்ந்து, மீளும். தையலின் நீளத்தை நிர்ணயிப்பவை அவையே. கையோட்டத் தையலில் அந்த அதிகாரம் நம் கைக்கு வருகிறது. ஆகவே பற்கள் துணியைத் தொடலாகாது. சில இயந்திரங்களில் ஒரு குமிழைத் திருப்பினாற் பற்கள் தாழும். சிலவற்றில் அடிப்புறத்தில் திருகு உண்டு. சிலவற்றுக்குப் பற்களை மூடும் தகடு கிடைக்கும். இவை எதுவும் இல்லையாயின், தையல் நீளத்தைச் சுழியத்தில் வையுங்கள். பற்கள் எழுந்து தாழுமேயன்றித் துணியை இழுக்கமாட்டா.

மூன்றாவது, பாதம். வழக்கமான பாதம் துணியை இறுக அழுத்தும். அதனைக் கழற்றிவிட்டு, இழையோட்டத்துக்குரிய வில்லுள்ள பாதத்தைப் பூட்டுங்கள். ஊசி எழும்போது அதுவும் எழுந்து துணியை விடும். ஊசி இறங்கும்போது இறங்கித் துணியைப் பிடிக்கும். வாங்குமுன், பாதந்தாங்கும் தண்டின் உயரத்துக்கு அது பொருந்துகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஊசியும் நூலும். மூன்று அடுக்குத் துணிக்குப் பதினான்காம் இலக்க ஊசி ஏற்றது. மொட்டை ஊசியை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஊசியின் நீண்ட பள்ளம், நூல் கோக்கப்படும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். பொபினில் நூலைச் சீராகச் சுற்றி, கூட்டிலிட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். சற்றே உதறியவுடன் சிறிது இறங்கி நிற்குமாயின் இறுக்கம் சரி. மேல்நூலின் இறுக்கத்தை வழக்கத்திலும் சிறிது தளர்த்துங்கள்.

ஈண்டு ஒன்றை மறவாதீர்கள். புதிய பாதம் துணியை அழுத்தாமையால், பாதந்தாங்கியை இறக்க மறந்துபோவது எளிது. அது உயர்ந்திருந்தால் மேல்நூலின் இறுக்கம் முற்றாக விடுபட்டு, துணியின் கீழே குருவிக்கூடுபோல நூல் சிக்கிக்கொள்ளும். இயந்திரம் பழுதென்று பலர் கைவிடுவது இக்காரணத்தினாலேயே.

ஐந்தாவது, இடம். போர்வையின் பாரம் மேசைக்கு வெளியே தொங்கினால் அது ஊசியை இழுத்து வளைக்கும். ஆகவே இயந்திரத்தின் இடப்புறத்திலும் பின்புறத்திலும் அதே உயரத்தில் ஒரு பலகையோ மேசையோ இட்டுப் பாரத்தைத் தாங்கவையுங்கள்.

இனித் தையலைத் தொடங்கலாம். மூன்று அடுக்கையும் சுருக்கமின்றி விரித்து, ஒரு சாண் இடைவெளிக்குள்ளாகவே ஊக்குகளாற் பிணைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழ்நூலை மேலே எடுத்து, இரு நூலையும் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் நாலைந்து நுண்தையல் இட்டாற் பூட்டாகும். பின்னர் காலைச் சீராக மிதித்து, கைகளை நிதானமாக நகர்த்துங்கள். கை விரைந்தாற் தையல் நீளும். கால் விரைந்து கை தயங்கினாற் தையல் குறுகி நெருங்கும். காலும் கையும் ஒத்திசைவதே இக்கலையின் உயிர். ஊசியைச் சுற்றி விரல்களை அகல வையுங்கள். நூல் கோக்கும்போது மிதிபலகையில் கால் இருத்தல் ஆகாது.

தவறு எங்கே என்பதைத் துணியே சொல்லும். கீழ்நூல் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிகம் இறுகியிருக்கிறது. வளைவுகளில், துணியின் கீழ்ப்புறத்தே கண்ணிமைபோல் நூல் நீண்டால், மேல்நூல் மிகத் தளர்ந்துள்ளது; அல்லது கை வளைவில் விரைகிறது.

எந்த உருவைத் தைப்பது என்ற வினா எழலாம். நூலை அடிக்கடி அறுத்துத் தொடங்குவது வீண்வேலை; ஆகவே அறாது செல்லும் கோடே வேண்டும். நம் முற்றத்துச் சிக்குக்கோலம் அத்தகைய கோடன்றோ? புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே மீளும் அக்கோட்டை இழுத்துப் பழகிய விரல்கள் பாதி வித்தையை ஏற்கனவே கற்றவை. வேற்றுமை ஒன்றுதான். கோலத்தில் கை நகரும், தரை நிற்கும். இங்கே ஊசி நிற்கும், துணி நகரும். முதலில் நூலின்றிக் காகிதத்தில் ஊசியை ஓட்டிப் பழகுங்கள்.

இத்தொழிலின் வரலாறும் ஊக்கந் தருவதே. ஐசக் சிங்கர் 1851 இல் தமது இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அவரது நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. இயந்திரங்களைப் பொதுவாக ஐயுற்ற காந்தியடிகளும் 1924 இல் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். அமெரிக்காவிலும் கைத்தையலே உயர்ந்ததெனக் கருதிய காலம் இருந்தது. 1989 இல் பதூக்கா நகரக் கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தால் தைத்த போர்வை முதன்மைப் பரிசை வென்றது. இயந்திரத் தையலுக்கு அங்கே அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை.

வருவாயைப் பற்றியும் ஒளிக்காமற் கூறவேண்டும். ஒரு முழுப்போர்வைக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். துணித்துண்டின் விலையை மட்டுங் கணக்கிட்டு விற்பவருக்கு உழைப்பின் கூலி கிடையாது. செலவிட்ட மணிகளைக் குறித்துவைத்து விலை சொல்லுங்கள். தொடக்கத்திற் குழந்தைக்கான சிறு விரிப்பு, தலையணை உறை, பை ஆகியவற்றைத் தைத்தால், கையும் பழகும், வாங்குவோரின் மனமும் தெரியும்.

தாய்மாரே, சகோதரிகளே! ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள பழந்துணியை மூன்று அடுக்காக்கி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். முதல் நாட் தையல் கோணும். ஏழாம் நாளின் துண்டை அதனருகே வைத்து ஒப்பிடுங்கள். அதன் பின்னர், அந்த இயந்திரத்தை விற்பதா வைத்திருப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.