இருபத்து நான்கின் இயல்பு



தீர்த்தங்கரர் இருபத்து நால்வர். அவ்வெண்ணின் கணித இயல்பும் எண்ணத்தக்கது. மூன்றினும் பெரிய பகா எண் எதனையும் வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தால், எஞ்சுவது 24-ஆல் வகுபடும். ஐந்தின் வர்க்கம் 25. ஒன்று போக 24. ஏழின் வர்க்கம் 49; ஒன்று போக 48.

காரணம் எளிது. எஞ்சுவது, அப்பகா எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்கும் எண்களின் பெருக்கமே. அவ்விரண்டும் அடுத்தடுத்த இரட்டைகள். ஒன்று நான்கால் வகுபடும். ஆதலின் பெருக்கம் எட்டால் வகுபடும். தொடர்ந்து வரும் மூன்று எண்களுள் ஒன்று மூன்றால் வகுபடும். பகா எண் வகுபடாமையின், பக்கத்து எண்களுள் ஒன்றே வகுபடும். எட்டும் மூன்றும் பெருகின் 24.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்த ஐவர்மலையிலும் ஓர் எண் நிலைத்துள்ளது. குணவீரர் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுக்கி, 505 காணம் பொன் அளித்ததைக் கூறும் கல்வெட்டு, சக ஆண்டு 792-ஐ வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது. 78 கூட்டின் கி.பி. 870. அதுகொண்டே அவன் அரியணையேறிய ஆண்டு 862 என அறிஞர் துணிந்தனர்.

792 என்பது முப்பத்து மூன்று இருபத்து நான்குகள். இப்பொருத்தம் தற்செயலே. ஆயினும் அவ்வோர் எண் சிதைந்திருப்பின் பாண்டியர் காலவரிசை தடுமாறியிருக்கும். பிழையின்றிப் பொறித்தோர் வாய்மை காத்தனர்; அக்கல்லைக் காத்தல் நம் கடன்.