உப்பை வாசலில் நிறுத்தும் பாக்காவ்

தைப்பிங் பக்கம் போய் வந்த நேயர்கள் கோல செப்பேத்தாங் கரிச்சூளைகளைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சூளைகளில் கரியாகும் மரம் பாக்காவ். ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் காட்டில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முறை வைத்து மரம் வெட்டுகிறார்கள். 30 ஆண்டு வளர்ந்த பகுதியை வெட்டினால், அங்கே மறுபடியும் காடு எழும்புகிறது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் இது எப்படி முடிகிறது?

பாக்காவுக்கு உப்பு பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உப்பு வயலில் சேர்ந்தாலே நெல் விளைச்சல் குறைந்துவிடும். பாக்காவும் அந்த உப்பை ஏற்றுக்கொள்வதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலான உப்பை வேரிலேயே தடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

2005-ஆம் ஆண்டு சிங்கப்பூர் துவாஸில் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே பெரிய பம்புகள் கடல்நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகின்றன. மரத்திடம் பம்பு ஏது? இலையில் வெயில் பட்டு நீர் ஆவியாகும்போது, அந்த இழுப்பு தண்டு வழியாக வேர் வரைக்கும் போகிறது. கடல்நீரிலிருந்து நல்ல நீரைப் பிரிக்க, கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான இழுவிசை வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்த தண்ணீரை வீணாக்க முடியுமா? அதனால்தான் பாக்காவ் இலை தடித்து, மெழுகு பூசியதுபோல் இருக்கிறது.

அதே சேற்றில் நிற்கும் அப்பி-அப்பி மரத்தின் வழி கொஞ்சம் வேறு. அதுவும் வேரில் தடுக்கிறது. தப்பி வருகிற உப்பை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். மிச்சமிருப்பதை ஒவ்வோர் உயிரணுவும் தனக்குள் இருக்கும் ஒரு பையில் பூட்டி வைக்கிறது. 'உப்பையெல்லாம் மஞ்சள் இலையில் சேர்த்து உதிர்த்துவிடுகிறது' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

சரி, வேர் தடுத்து நிறுத்திய உப்பு எங்கே போகும்? எங்கேயும் போகாது. வேரைச் சுற்றியுள்ள மண்ணிலேயே தங்கும். நாளுக்கு நாள் கூடும். அதை அலசி எடுத்துப்போவது கடல் ஏற்றமும் வற்றமும்தான். நண்டு வளைகளும் அந்த நீர் உள்ளே போய் வர உதவுகின்றன. அலசல் நின்றுபோனால், உப்பில் வாழத் தெரிந்த மரமே உப்பால் செத்துப்போகும்.

தமிழ்நாட்டில், சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரத்தில் நடந்தது இதுதான். அங்கேயும் 1970கள் வரை முறை வைத்துக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். மாத்தாங்கில் காடு திரும்பியது. பிச்சாவரத்தில் பல இடங்களில் திரும்பவில்லை. மரநிழல் இல்லாத சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. நிலம் தொட்டிபோல் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, கடலைவிட உப்பானது. கன்றுகள் பிழைக்கவில்லை. ஊர்மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி சொல்லப்பட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு மலேசியக் கரைகளிலும் லட்சக்கணக்கில் கன்றுகள் நடப்பட்டன. எத்தனை நட்டோம் என்பதுதான் செய்தியாகிறது. அந்த இடத்தில் தண்ணீர் வந்து போகிறதா என்று கேட்பவர் குறைவு. பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் எடுத்தது மண்வெட்டியை. மீன்முள்போல் ஒரு பெரிய கால்வாயும், அதன் இருபுறமும் கிளைக் கால்வாய்களும் வெட்டினார்கள். கடல்நீர் தேங்காமல் வந்து போனது, மண்ணின் உப்பு குறைந்தது. கால்வாய்க் கரைகளில் நட்ட கன்றுகள் இன்று காடாக நிற்கின்றன.